எயில் பேசுற போன்

“யக்கா, எம் பொண்டாட்டி கொரலு போச்சு.”

ஜமீலா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், மழையில் ஊறிய சட்டையோடு, வெள்ளைக் கோலை மடக்கிக்கொண்டு நின்றிருந்தான். அவன் முழங்கையைப் பிடித்தபடி ஒரு பெண். அவள் ஜமீலாவின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொண்ட டாக்டரு அந்தாண்ட கீறாரு தம்பி, பேங்கு மாடில. இது போன் கட.”

“போனுக்குள்ள தான்க்கா அவ கொரலு.”

பக்கத்து டீக்கடை வேம்புலிக்கு எல்லாப் பேச்சிலும் பங்கு வேண்டும். பாய்லருக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினார். “பொண்டாட்டி கொரலு போனா சந்தோசமா ஊட்டுக்குப் போவாம, ரிப்பேருக்கு எட்த்துகினு வந்துகீறியே நைனா.”

“அத்த உன் ஊட்ல போய்ச் சொல்லு அண்ணாத்தே. நாளைக்கி நீ எப்டி வர்றேன்னு பாக்கறேன்” என்றான் அவன். வேம்புலி சிரித்துக்கொண்டே பாலை ஆற்றப் போய்விட்டார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்தாள். உள்ளே ஒரு பழைய பட்டன் போன். பட்டன்களின் இடுக்கிலிருந்து தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

ஜமீலாவின் கடை மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குத் திரும்பும் முனையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. உட்கார்ந்தபடியே எல்லா மூலையையும் தொட்டுவிடலாம். பழைய போன்களை வாங்குவாள், சரி செய்வாள், விற்பாள். அதற்கு முன்னால் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். கம்பெனியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். ஜமீலாவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அப்போது கையிலிருந்த ஒரே சொத்து, செத்துப்போன தன் போன். கோபத்தில் அதைத் திறந்தாள். திறந்ததைப் பார்த்து அசந்துபோனாள். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வேலையா? மூடத் தெரியாமல் பத்துப் பேரைக் கேட்டு மூடினாள். அது உயிரோடு எழுந்தது. அன்றோடு பிசிறு வெட்டும் வாழ்க்கை முடிந்தது.

ஆரம்பத்தில் வருகிறவர்கள், “கடக்காரரு இல்லியா?” என்று கேட்பார்கள். “நான் தான் கடக்காரரு. இன்னா வோணும் சொல்லு” என்பாள். இப்போது யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எந்தப் பழைய போன் கைக்கு வந்தாலும் முதல் வேலை, உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்து ஃபார்மட் அடிப்பது. முன்னால் வைத்திருந்தவரின் ஒரு படம், ஒரு மெசேஜ், ஒரு பெயர்கூட அடுத்தவருக்குப் போகக்கூடாது. “அட்த்தவன் ஊட்டுச் சாவிய நீ வித்துகினு இருக்க முடியுமா?” என்று கேட்பாள். அவளிடம் வாங்கும் போன் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும் என்று எஸ்டேட்டில் பெயர்.

அந்த நனைந்த போனைத் திறந்ததுமே ஜமீலாவுக்குத் தெரிந்துவிட்டது. போர்டு பச்சை பூத்து, ஒரு ஓரம் கருகியிருந்தது. ஈரத்தோடு யாரோ சார்ஜரும் போட்டிருக்கிறார்கள்.

“தம்பி, இது போய்ச்சேந்துச்சு. வேற தர்றேன், இதே மாடலு. சிம்மு போட்டுக்க.”

“போன் கெடைக்கும்க்கா. அதுல பேசறது கெடைக்காது.”

அவன் பெயர் பாஸ்கரன். எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் வாஷர் விளிம்புகளை விரலால் தடவித் தரம் பார்க்கும் வேலை. அவள் எழிலரசி, பூந்தமல்லியில் ஒரு பைண்டிங் கடையில் புத்தகம் தைக்கிறாள். வேலப்பன்சாவடியில் குடியிருக்கிறார்கள். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது.

ஜமீலா ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் பேசினால் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், சரி. அவள் பேச வேண்டும் என்றால்? கை ஜாடையை அவனால் பார்க்க முடியாது. குரலோ அவளிடம் இல்லை.

“உள்ளங்கையில எய்தி காட்டுவா” என்றான் பாஸ்கரன், அவள் கேட்காமலே. “ஆனா அது எய்த்து தானேக்கா. பேச்சு இல்ல. பேச்சுன்னா இந்தப் போன் தான். அவ அங்கேந்து மெசேஜ் அடிப்பா, இது என் சட்ட ஜோப்புல உக்காந்துகினு பேசும். பக்கத்துல உக்காந்துகினே அடிப்பா. ரோட்ல நடக்கச் சொல்லவும் அடிப்பா. சண்டயும் அதுல தான்.”

கண் தெரியாதவர்களுக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விற்ற மென்பொருள் அது. திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும். போனைவிட அதன் விலை அதிகம். ஒரு போனுக்கு லைசன்ஸ் வாங்கினால் அந்தப் போனோடு சரி, இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. இப்போது அந்தக் கம்பெனியே கடையைச் சாத்திவிட்டது. புது லைசன்ஸ் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

ஜமீலாவுக்கு ஒரு சந்தேகம். “ஏன் தம்பி, இப்ப வர்ற டச் போன் எல்லாம் சும்மாவே பேசுதே. தமிழ்லயே பேசுது.”

“முன்னாடியே வாங்கினோம்க்கா. மச்சினி பொண்ணு கார்த்திகா தான் வாங்கிக் குட்த்தா.” பாஸ்கரன் பையிலிருந்து அதையும் எடுத்து வைத்தான். “எயிலு, அடிச்சிக் காட்டு.”

எழிலரசி தன் போனில் தமிழில் எதையோ தட்டினாள். டச் போன் பளிச்சென்று, பிசிறில்லாமல், செய்தி வாசிப்பது போலச் சொன்னது: “நான் எழிலரசி. வீட்டுக்கு வந்துவிட்டேன்.”

“நல்லா தானே கீது?”

“நல்லா கீது. யாரோ ஒரு பொம்பள எம் பொண்டாட்டி லெட்டர படிச்சிக் காட்டற மாரி கீது. இப்ப பழசு மாரி அடி எயிலு.”

அவள் மூன்று எண்களைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து. டச் போன், “ஒன்று, இரண்டு, பத்து” என்றது.

“கேட்டியாக்கா? இதுக்குத் தெரியல. அந்தப் போன்ல வெள்ளக்காரி இங்கிலீஷ்ல சொல்லுவா. ஒன் டூ டென். நீயே வேகமா சொல்லிப் பாரு.”

ஜமீலா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன் டூ டென். வன்டூடென். வந்துட்டேன்.

மறுபடி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

பழைய போனின் குரலுக்குத் தமிழ் தெரியாது. எதை எழுதினாலும் ஆங்கிலமாகத்தான் படிக்கும். கல்யாணமான புதிதில் எழிலரசி ஆங்கில எழுத்தில் ‘சாப்டியா’ என்று அனுப்ப, அது ‘சாப்டையா’ என்று படிக்க, பாஸ்கரன் ‘எந்த ஐயா?’ என்று பதில் போட்டிருக்கிறான். அவளுக்கு அவமானமாகிவிட்டது. எழுத்தை மாற்றி அனுப்பினாள். தப்பு என்றால் அவன் ஒரு சுழியம் அனுப்புவான், சரி என்றால் ஒன்று. பிளாட்பாரத்தில் ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு புத்தகம் வாங்கினாள். அதில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தமிழில் போட்டிருக்கும். எந்த ஆங்கிலத் துண்டை எதோடு ஒட்டினால் எந்தத் தமிழ்ச் சொல் வரும் என்று தேடித் தேடி ஒட்டினாள். சுழியம், சுழியம், சுழியம், ஒன்று.

வாழ்நாளில் ஒரு சத்தத்தைக்கூடக் கேட்டிராத ஒருத்தி, தன் கணவன் காதில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கியிருக்கிறாள்! தன் குரலைத் தானே உட்கார்ந்து செய்திருக்கிறாள். செய்ததை அவள் கேட்டதே இல்லை.

‘ழ’ மட்டும் வரவே இல்லையாம். அவள் பெயரையே அந்த இயந்திரம் கண்டபடி கடித்துத் துப்பியது. கடைசியில் பாஸ்கரன்தான் வழி சொன்னான்: நம்ம ஏரியாவில் எவன் ‘ழ’ சொல்கிறான்? பழம் இங்கே பயம், மழை இங்கே மய. எழில் எயிலாகட்டும். அதற்குத் தோதாக எழுத்தை மாற்றினாள். உடனே வந்தது ‘ஒன்று’. வெள்ளைக்காரக் குரல் மெட்ராஸ் பாஷை பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

எழிலரசி தன் போனில் ஏதோ தட்டி, திரையை ஜமீலா பக்கம் திருப்பினாள். தமிழில் எழுதியிருந்தாள்: ‘புது போன் நான் என்ன போட்டாலும் சரியாகச் சொல்லும். அதற்கு நான் தேவையில்லை. அந்தப் போனில் இருந்தது நான் செய்தது.’

ஜமீலா அதை இரண்டு முறை படித்தாள். வேம்புலி கேட்காமலே மூன்று டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனதே அதிசயம்.

“தேடிப் பாக்கறேன் தம்பி” என்றாள் ஜமீலா. சொல்லிவிட்டாளே தவிர, எங்கே தேடுவது என்று தெரியவில்லை. அதே மென்பொருள் வாங்கிப் போட்டிருந்த வேறு யாருடைய பழைய போனாவது கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் யாரும் அதை ஃபார்மட் அடித்திருக்கக் கூடாது. அடித்தால் மென்பொருளும் போகும், லைசன்ஸும் போகும். ஆனால் இந்தத் தொழிலில் ஃபார்மட் அடிக்காமல் எந்தப் போன் வெளியே வருகிறது? அவளே ஒன்றையும் விட்டதில்லையே.

கிளம்பும்போது பாஸ்கரன் செத்த போனைத் தடவிக்கொண்டே சொன்னான்: “நல்ல பேட்டரிக்கா இது. நாலு நாளு நிக்கும். எனக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்? ஸ்கிரீன மொத்தமா அமத்தி வெச்சிருப்பேன்.”

“அமத்தி வெச்சா?”

“அதுலயே ஒரு செட்டிங் கீது. ஸ்கிரீன் கருப்பா ஆயிடும். பஸ்ல பக்கத்துல கீறவன் மெசேஜ எட்டிப் பாக்க முடியாது. எங்கள மாரி ஆளுங்க நெறய பேரு அப்டி தான் வெச்சிருப்போம்.”

ஜமீலா எழுந்தே நின்றுவிட்டாள்.

செம்பரம்பாக்கத்தில், ஒரு காலத்தில் நாற்று நட்ட நிலத்தின் மேல் வரிசையாக குடோன்கள். அதில் ஒன்றுக்கு, எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய போன்கள் மூட்டை மூட்டையாக வரும். பையன்கள் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, ஓடினால் ஃபார்மட் அடித்து விற்பனைக்கு வைப்பார்கள். திரை எரியாவிட்டால் ‘டிஸ்ப்ளே டெட்’ மூட்டையில் எறிவார்கள். திரை தெரியாத போனை ஃபார்மட் அடிக்க முடியாது. எதை அமுக்குகிறோம் என்று தெரிந்தால்தானே? அதனால் அவை அப்படியே நொறுக்கும் மெஷினுக்குப் போகும்.

கண் தெரியாத ஒருவரின் போன் அந்த குடோனுக்குப் போனால்? திரை கருப்பு. பையன் பார்ப்பான், செத்தது என்பான், எறிவான். எறிவதால்தான் அது அழிக்கப்படாமல் இருக்கும்.

“அண்ணாத்தே, கடய பாத்துக்க” என்று வேம்புலியிடம் சொல்லிவிட்டு, நாலு மாதிரி பேட்டரிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

குடோன் சூப்பர்வைசர் ஸ்ரீராமுக்கு அவளை நன்றாகத் தெரியும். மாதாமாதம் வந்து பழைய போன்களை மொத்தமாக லாட் எடுப்பவள்.

“இன்னாக்கா, நல்ல லாட்டு உள்ள கீது. நீ இன்னாத்துக்குப் பொண மூட்டையாண்ட போய் நிக்கற?”

“பொணத்துல ஒண்ணு பேசும்னு சொன்னாங்க.”

“பேய் ஓட்ற தொயில் எப்போ ஸ்டார்ட் பண்ண?”

“உன்ன மாரி ஆளுங்க உசுரோட இருக்கறதுங்கள பொதச்சா, எவளாச்சும் ஓட்டித்தானே ஆவணும்.”

“மதியம் லாரி வந்துரும்க்கா. எல்லாம் நொறுக்கப் போவுது. அதுக்குள்ள பாத்துக்க.”

மூன்று மூட்டைகள் இருந்தன. ஜமீலா தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பட்டன் போன்களை மட்டும் பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, பேட்டரி பொருத்தி, ஆன் செய்து, காதோரம் வைத்துக் காத்திருந்தாள். குடோனில் மின்விசிறிகளின் இரைச்சல். பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். இந்தச் சத்தத்தில் ஒரு போன் கத்தினாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

பெரும்பாலானவை உண்மையான பிணங்கள். சில அதிர்ந்துவிட்டு அடங்கின. ஒன்று ஏதோ பழைய ரிங்டோனை இரண்டு வரி பாடிவிட்டுச் செத்தது. இரண்டு மூட்டை முடிந்தது. ஸ்ரீராம் இரண்டு முறை வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றாவது மூட்டையின் அடியில் ஒரு சாம்பல் நிறப் போன். ஆன் செய்தாள். திரை ஒரு கண்சிமிட்டும் நேரம் மின்னி, இருண்டது. காதில் வைத்தாள். க்ரிச் என்று ஒரு கீறல். பட்டனை அமுக்கினாள். மறுபடியும் க்ரிச். ஸ்பீக்கர் கிழிந்த சத்தம். அதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கை அதற்குமேல் போகவில்லை. கிழிந்த ஸ்பீக்கர் ஒரே மாதிரிதான் கிழியும். இது இரண்டு முறையும் வேறு வேறு மாதிரி கீறியது.

தன் போனில் பாஸ்கரனைக் கூப்பிட்டாள். “தம்பி, ஒண்ணு கீது. ஆனா ஸ்பீக்கர் போன மாரி கீது. நீயே கேளு.” தன் போனின் வாய்க்கு நேராக அந்தச் சாம்பல் போனின் காதைப் பொருத்தி, ஒரு பட்டனை அமுக்கினாள்.

க்ரிச்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரப்பர் கம்பெனியின் பிரஸ் மெஷின் மட்டும் தூரத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

“தம்பி? லைன்ல கீறியா?”

“கீறேன்க்கா.” அவன் அவசரமாகச் சொன்னான். “ரிப்பேர் இல்லக்கா அது. ஸ்பீடு. அத்த வெச்சிருந்தவரு ஃபுல் ஸ்பீடுல வெச்சிருக்காரு. சிம்மு இல்ல, பேட்டரி கம்மியா கீது, மணி தப்பா கீது, இத்தினியும் சொல்லிச்சு.”

அந்த ஒரு கீறலுக்குள் இவ்வளவு பேச்சா? ஜமீலா அந்தப் போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முதல் முறை தன் செத்த போனைத் திறந்தபோது வந்த அதே திகைப்பு, இத்தனை வருடம் கழித்து.

“அதே கொரலு தானா தம்பி?”

“அவ தான்க்கா” என்றான்.

ஜமீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது எதிரே ஸ்ரீராம் நின்றிருந்தான்.

“கெடச்சிருச்சா? சரி, குடு. ஃபார்மட் அடிச்சித் தர்றேன். பில்லு போட்டுக்கலாம்.”

“ஐயோ, அத்த அடிக்கக் கூடாதுப்பா.”

“யக்கா, உனக்குத் தெரியாதா? உள்ள ஆளு டேட்டா கீற போனு இந்த கேட்டத் தாண்டுனா எனக்கு வேல போயிடும். நீ தானே எங்களாண்ட சண்ட போடுவ, ஒரு போட்டோ மிச்சம் கீதுன்னு லாட்டயே திருப்பி அனுப்ச்சியே.”

அவன் சொன்னது அவளுடைய வார்த்தைதான். அடுத்தவன் வீட்டுச் சாவி. அழித்தால் எழிலரசியின் குரல் போகும். அழிக்காமல் எடுத்துப் போனால், யாரென்றே தெரியாத ஒருவருடைய வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு போவதாகும். வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“அப்ப அந்த ஆளயே கேட்டுருவோம்” என்றாள்.

“எந்த ஆளு? யாருன்னு உனக்கு எப்டித் தெரியும்?”

ஜமீலா தன் போனை மறுபடி காதில் வைத்தாள். “தம்பி, இதுல இருந்து சொந்தக்காரர் நம்பர எடுக்கணும். எனக்கு ஸ்கிரீனு தெரியல.”

“எனக்கும் தான் எப்பவுமே தெரியலயே. பட்டன் மேல கைய வெய்க்கா. நடுவுல அமுக்கு. இப்ப கீய ஒண்ணு. கேக்குது, கேக்குது. இன்னொண்ணு.”

கருப்புத் திரையை வெறித்தபடி ஜமீலா பட்டன்களை அமுக்கினாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் க்ரிச், க்ரிச். எங்கோ மண்ணூர்பேட்டையில் வாஷர் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவன் வழி சொன்னான். ஸ்ரீராம் வாயைப் பிளந்து நின்றான். பாட்டை மாட்டியிருந்த பையன்களும் காதிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

“நிறுத்து, நிறுத்து. ‘ஹோம்’னு ஒண்ணு கீது, வூட்டு நம்பரு. இன்னொரு தபா நடுவுல அமுக்கு.” ஒரு நீண்ட கீறல். பாஸ்கரன் அதிலிருந்து ஒரு நம்பரை நிதானமாகப் பிரித்துச் சொன்னான்.

அந்த நம்பரில் எடுத்தவர் பெயர் கார்த்திகேசன். திருநெல்வேலிக்காரர். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறார், தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். அவருக்கும் பார்வை கிடையாது. ஜமீலா ஸ்பீக்கரில் போட்டு, யார், எங்கிருந்து பேசுகிறோம் என்று சொன்னாள்.

“அந்த சாம்பல் போனா? பையன் எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டாம்லா. வாங்க வந்த பயல் டிஸ்ப்ளே டெட்டுன்னு சொல்லிட்டான். நல்லா இருக்க போன செத்துப்போச்சுன்னு சொல்லுதான். கண்ணு தெரியாதது எனக்கா அவனுக்கான்னு நான் கேட்டேன்.”

ஸ்ரீராம் தலையைச் சொறிந்துகொண்டான்.

ஜமீலா, பாஸ்கரனையும் எழிலரசியையும் பற்றிச் சொன்னாள். ஒன் டூ டென்னைச் சொன்னாள். மழையை, எயிலை, சுழியத்தைச் சொன்னாள்.

“எத்தன வருசம் அத வச்சிருந்தேன்” என்றார் கார்த்திகேசன். “வேகமா ஓட விட்டு விசயத்த மட்டும் எடுத்துக்குவேன். அதுக்குள்ள இப்படி ஒரு பொண்ணு இருக்க முடியும்னு நான் நெனச்சே பாக்கலம்மா. லைசன்ஸ் அந்தப் போனுக்குத்தான், ஆளுக்கு இல்ல. தாராளமா குடுங்க. என் மெசேஜ், என் நம்பர் எல்லாத்தையும் தனித்தனியா அழிச்சிருங்க. ஃபார்மட்ட மட்டும் தொட்டுராதீங்க. ஸ்கிரீன் எரியறதுக்கு ஒரு கீ இருக்கு, சொல்லுதேன்.”

அவர் சொன்ன பட்டனை அமுக்கினாள். கருப்பாயிருந்த திரை வெளிச்சத்தோடு விழித்தது. பையன்களில் ஒருவன் மெதுவாக, “மாமே, எத்தினி போன நாம நொறுக்கிக்கீறோமோ” என்றான். ஸ்ரீராம் வெளியே போய் லாரிக்காரரிடம் பிரித்து வைத்த பட்டன் போன்களை மட்டும் ஏற்ற வேண்டாம் என்றான்.

ஜமீலா அவன் கண் முன்னாலேயே ஒவ்வொரு மெசேஜாக, ஒவ்வொரு பெயராக, எதையும் படிக்காமல் அழித்தாள். ‘ஹோம்’ என்ற பெயரை அழிக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. எல்லாம் போன பிறகு ஸ்ரீராம் வாங்கிப் பார்த்தான். பில் போட்டுக் கொடுத்தான்.

சாயங்காலம் ஷிப்ட் விட்ட கூட்டம் கடை வாசலில் போய்க்கொண்டிருந்தது. பாஸ்கரன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருந்த எழிலரசியின் விரல்களில் பைண்டிங் பசை காய்ந்திருந்தது. ஜமீலா சிம்மைப் போட்டு, பேசும் வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டி, போனை அவன் கையில் கொடுத்தாள். அவன் எழிலரசியின் பக்கம் திரும்பி, “பேசு” என்றான்.

அவள் உடனே தட்டவில்லை. விரல் திரைக்கு மேலே நின்றது. பயந்திருக்கிறாள் என்று ஜமீலாவுக்குப் புரிந்தது. அதே குரல் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அவள் எப்படி நம்புவது? அவள் செய்த சொற்கள் இந்தப் போனில் அப்படியே எழுந்து நிற்குமா என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தட்டினாள்.

போன் பேசியது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல், கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் விறைப்பாக, மண்ணூர்பேட்டை முனையில் நின்று சொன்னது: “எயில் பேஸ்ரேன். சாப்டீயா.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கரன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். எழிலரசி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே அவன் தோளில் நெற்றியை முட்டி நின்றாள்.

வேம்புலி பாய்லரை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். “இன்னா நைனா, வந்த ஒடனே கேள்வி கேக்க ஆரம்ச்சிடுச்சா?” என்றார். கண்ணைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“உங்கூட்லயும் கேக்கறாங்கன்னு தானே அண்ணாத்தே நீ இங்கயே கீற” என்றான் பாஸ்கரன். இப்போது அவனுக்குக் குரல் வந்துவிட்டது.

எழிலரசி நிமிர்ந்து ஜமீலாவைப் பார்த்தாள். பிறகு தன் போனில் மெதுவாக, யோசித்து யோசித்து, எதையோ தட்டினாள்.

பாஸ்கரன் கையிலிருந்த போன், “ஜெமைலா” என்றது.

“தப்பு” என்றான் அவன், அவள் பக்கம் திரும்பி. “மை இல்ல. மீ.”

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். “ஜேம் ஈலா.”

“கிட்ட வந்துட்ட. மொத எய்த்த கொஞ்சம் சின்னதாக்கு.”

இது என்ன நடக்கிறது என்று ஜமீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழிலரசி இதுவரை செய்திராத ஒரு சொல்லைச் செய்துகொண்டிருக்கிறாள். இந்தக் கடை வாசலில், இத்தனை பேர் நடுவில். ஜமீலா கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். எழிலரசி நெற்றியைச் சுருக்கி, ஒரு எழுத்தை எடுத்தாள், இரண்டைச் சேர்த்தாள், நடுவில் ஒரு இடைவெளி விட்டாள், அனுப்பினாள்.

“ஜமீலா” என்றது போன். “ஜமீலா யக்கா.”

ஜமீலாவின் அம்மா கூப்பிடுகிற மாதிரியும் இல்லை, கணவர் கூப்பிடுகிற மாதிரியும் இல்லை. இதற்கு முன் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. சட்டென்று பதில் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். கல்லாவைச் சுற்றி வெளியே வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி எழிலரசிக்கு நேராக நின்று, உதட்டை நிதானமாக அசைத்து, “இன்னாம்மா” என்றாள்.